டெரெக் பெய்லியின் 'சோலோ கிட்டார்' (1971): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இசைத்தட்டைப் பற்றிய பக்கம் இது?

1971-ல் லண்டனில் பதிவாகி, இன்கஸ் என்ற சிறு நிறுவனத்திலிருந்து 'இன்கஸ் 2' என்ற எண்ணோடு வெளிவந்த எல்.பி. ரெக்கார்டு. வாசித்தவர் டெரெக் பெய்லி. பெயர் 'சோலோ கிட்டார்'. பிற்பாடு இரண்டாம் தொகுதி ஒன்று வந்ததால் இதை 'சோலோ கிட்டார் வால்யூம் 1' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் பக்கத்தில், முன்கூட்டி எதுவும் எழுதிவைக்காமல் அந்தந்த நேரத்தில் வாசித்த துண்டுகள். இரண்டாம் பக்கத்தில் மூன்று நண்பர்கள் அவருக்கென்று எழுதிக் கொடுத்த மூன்று உருப்படிகள். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. பெய்லி தனியாக வெளியிட்ட முதல் தட்டு இதுதான்.

மூலப் பதிப்பு அச்சில் இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சேகரிப்பவர்கள் தேடித் திரிகிற தட்டு. ஆனால் அரிது என்பதற்காக இதை யாரும் நேசிக்க வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்டால் ஒரு மனிதர் கிட்டார் என்ற கருவியை ஒவ்வோர் அங்குலமாக மறுபடி யோசித்துப் பார்ப்பது கேட்கும். இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாம் அதைக் கேட்பதற்கான உதவிதான்.

டெரெக் பெய்லி யார்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1930 ஜனவரி 29-ல் பிறந்தவர். லண்டனில் 2005 டிசம்பர் 25-ல் இறந்தார். இளமையில் இவர் செய்த வேலை பலருக்கு வியப்பாக இருக்கும். நடன அரங்குகள், இரவு விடுதிகள், வானொலி, ஸ்டூடியோ என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்க் கூலிக்கு வாசித்த தொழில்முறைக் கிட்டார்காரர் அவர். மோர்கம்ப் அண்ட் வைஸ் போன்ற நகைச்சுவை நட்சத்திரங்களுக்கும் கிரேஸி ஃபீல்ட்ஸ் போன்ற பாடகிகளுக்கும் பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். எந்தப் பாட்டையும் எந்த ஸ்கேலிலும் நோட்ஸ் பார்த்து உடனே வாசிக்கத் தெரிந்த கை.

1963 வாக்கில் ஷெஃபீல்டில் டிரம்ஸ் வாசிக்கும் டோனி ஆக்ஸ்லி, பாஸ் வாசிக்கும் கேவின் பிரையர்ஸ் ஆகியோருடன் 'ஜோசஃப் ஹோல்புரூக்' என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். ஒரு பப்பின் மாடியில்தான் வாசித்தார்கள். ஆரம்பத்தில் அன்றைய ஜாஸ்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்: முதலில் மாறாத தாளக்கட்டு போயிற்று, பிறகு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை, கடைசியில் மெட்டும் போய், முழுச் சுதந்திரமான வாசிப்புக்கு வந்து சேர்ந்தார்கள். 1966-ல் பெய்லி லண்டன் போனார். டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ், சாக்ஸஃபோன்காரர் எவன் பார்க்கர் போன்றவர்களோடு சேர்ந்து அங்கே உருவான இசையின் நடுவில் இருந்தார்.

இன்கஸ் எந்த மாதிரி கம்பெனி? தட்டு ஏன் இவ்வளவு அரிதானது?

1970-ல் பெய்லி, எவன் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி மூவரும் சேர்ந்து ஆரம்பித்த லேபிள். வாசிப்பவர்களே சொந்தமாக நடத்திய நிறுவனம். பிரிட்டனில் இந்த வகையில் இதுவே முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் வெளியீடு பார்க்கர், பெய்லி, டச்சு டிரம்மர் ஹான் பென்னிங்க் மூவரும் வாசித்தது. இரண்டாவது இந்தத் தட்டு.

பெரிய கம்பெனிகளுக்கு இந்த இசையில் அக்கறை இல்லாமல் இல்லை. 1968-ல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் கூட ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்ஸெம்பிள் என்ற சுதந்திர வாசிப்புக் குழுவின் தட்டு ஒன்றை வெளியிட்டது, அதில் பெய்லியும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட தட்டுகள் நிதானமாக, வருடக்கணக்கில் விற்பவை. பெரிய கம்பெனி அவ்வளவு காலம் பொறுத்திருக்காது. சீக்கிரம் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இன்கஸ் அந்தச் சிக்கலுக்கு ஒரு பதில். கையிருப்பு குறைவு, கடைகள் குறைவு, தபாலிலும் கச்சேரி நடக்கும் இடத்திலும் விற்பனை. எனவே அரிதாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற அளவில் அச்சிட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு 'லிமிடெட் எடிஷன்' என்று ஒட்டி விற்கும் தட்டுகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அட்டைப்படத்தில் ஏன் இத்தனை கிட்டார்கள்?

பெய்லி அப்போது ஒரு கிட்டார் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அவரும் புகைப்படக்காரரும் கடையிலிருந்த கிட்டார்களை எல்லாம் இழுத்துக் குவித்துப் படம் எடுத்தார்கள். முதலாளி திரும்பி வந்தார். பெய்லிக்கு வேலை போயிற்று. அந்தப் படங்களை ஒட்டிச் சேர்த்ததுதான் அட்டை.

முதல் முறை கேட்டேன். கிட்டாரை ட்யூன் பண்ணிக்கொண்டே இருப்பது போல இருக்கிறது. நான் எதைத் தவற விடுகிறேன்?

எதையும் தவற விடவில்லை. உங்கள் காது சரியாகவே வேலை செய்கிறது. அடுத்த சுரம் எங்கே வரும் என்று அது ஊகித்துக்கொண்டே போகிறது, ஒவ்வொரு முறையும் ஊகம் பொய்த்துப்போகிறது. அப்படிப் பொய்க்க வைப்பதற்காக வாசிக்கப்பட்ட இசை இது.

ஒரு யோசனை சொல்கிறேன். முதல் பக்கத்தை முழுதாகக் கேட்காதீர்கள். துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான் ஓடும். அதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, அதே நாளில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதல் தடவை 'அழகாக இருக்கிறதா' என்று கேட்காமல், 'இந்த ஒலி கிட்டாரின் எந்த இடத்திலிருந்து வருகிறது' என்று மட்டும் கவனியுங்கள். அடுத்த தடவை ஒலி எப்படி முடிகிறது என்று பாருங்கள்: தானாகத் தேய்ந்து போகிறதா, விரலால் அமுக்கப்படுகிறதா, அடுத்த ஒலி வந்து மூடுகிறதா? அதற்கு அடுத்த தடவை மௌனங்களை மட்டும் கேளுங்கள். எங்கே நிறுத்துகிறார், எவ்வளவு நேரம் விடுகிறார், எதைக் கொண்டு திரும்பத் தொடங்குகிறார்.

இதைச் செய்தால் ஒரு விஷயம் தெரியவரும். தற்செயல் என்று நினைத்த இடங்களில் துல்லியம் இருக்கிறது. மெல்லிய ஹார்மோனிக் (கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கும் மேல்சுரம்) ஒன்று, உடனே ஒரு வறண்ட தட்டல், பிறகு இரண்டு சுரம் சேர்ந்த உரசல். இந்த மூன்றும் மூன்று வேறு உயரத்தில், மூன்று வேறு ஒலித்தன்மையில், மூன்று வேறு நீளத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்று மறுக்கிறது, அதே சமயம் அதற்குப் பதிலும் சொல்கிறது. இந்த உரையாடல் காதில் பிடிபட்ட பிறகு 'ட்யூன் பண்ணுவது போல' என்ற எண்ணம் வராது. ட்யூன் பண்ணுகிறவர் ஒரு சுரத்தைத் தேடுகிறார். பெய்லி ஒவ்வொரு கணமும் போன இடத்தை விட்டு விலகிப் போகிறார்.

அறைச் சத்தத்தைக் குறையுங்கள். ஃபேன் ஓடும் அறையில் இதில் பாதி காணாமல் போய்விடும்.

கையில் என்னதான் செய்கிறார்? ஸ்பெஷல் கிட்டாரா, ட்யூனிங் மாற்றியிருக்கிறாரா?

இரண்டும் இல்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதே காலத்தில், லண்டனில் இதேபோல் எழுதிவைக்காமல் வாசித்த ஏ.எம்.எம். குழுவின் கீத் ரோ கிட்டாரை மேசையில் படுக்க வைத்து, அதன்மேல் பலவிதப் பொருள்களை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். 1974-ல் ஃபிரெட் ஃபிரித் என்ற இங்கிலாந்துக் கிட்டார்காரர் 'கிட்டார் சோலோஸ்' தட்டில் கம்பிகளில் கிளிப்புகளை மாட்டினார், கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டுப் பக்கம், கம்பி அதிர்வை வாங்கும் பிக்கப் ஒன்றைக் கூடுதலாக வைத்தார். பெய்லியோ பெரும்பாலும் சாதாரண ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில், பிளெக்ட்ரம் (மீட்டும் சிறு தகடு) பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர். அவரோடு நெடுங்காலம் இருந்த கிட்டார் கிப்ஸன் ஈ.எஸ்.-175. ஜாஸ்காரர்கள் எல்லாம் வைத்திருந்த அதே மாடல்.

அப்படியானால் புதுமை எங்கே? முதலாவது, ஹார்மோனிக்ஸ். கம்பியை அழுத்தாமல் சரியான இடத்தில் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் அதன் மேல்சுரம் மட்டும் ஒலிக்கும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேரே தொட்டால் மேல் ஸ்தாயி. ஏழுக்கு நேரே தொட்டால் கம்பியின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாவது ஹார்மோனிக். ஐந்துக்கு நேரே தொட்டால் நான்காவது. தம்புராவில் தானாக எழும் ஸ்வயம்பு காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமல்ல. அதுவும் ஒரு கம்பியின் ஐந்தாவது ஹார்மோனிக்தான். சாதாரணமாகக் கிட்டார்காரர்கள் இதை அலங்காரமாக அங்கொன்று இங்கொன்று போடுவார்கள். பெய்லி ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் திறந்த கம்பியையும் ஒரே வரிசையில் கலக்கிறார். அதனால் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் கையளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் காதில் இரண்டு ஸ்தாயி தள்ளி விழுகின்றன.

இரண்டாவது, ஒரே சுரத்தை வெவ்வேறு இடத்தில் எடுப்பது. கிட்டாரில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை ஒரு கம்பியில் திறந்தும், இன்னொன்றில் ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தியும், மற்றொன்றில் ஹார்மோனிக்காகவும் எடுக்கலாம். உயரம் ஒன்று, நிறம் மூன்று. மெட்டு இல்லாத இடத்தில் இந்த நிற மாற்றமே மெட்டின் வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மீட்டுவது. ஈ.எஸ்.-175-ல் பிரிட்ஜுக்கும் கம்பிகளைக் கட்டியிருக்கும் வால்பகுதிக்கும் நடுவே கொஞ்சம் கம்பி வெறுமனே கிடக்கிறது. வழக்கமாக யாரும் தொடாத இடம். அங்கே மீட்டினால் கூர்மையான, சிறு மணி போன்ற ஒலி வரும்.

இவற்றோடு, ஒலி அளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல். மீட்டிய கணத்தில் வரும் தாக்குதல் சத்தத்தைப் பெடலால் மறைத்து, பிறகு மெல்ல ஒலியைத் திறந்தால், சுரம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் முளைக்கும். கிட்டார் என்றால் மீட்டியதும் உச்சத்தில் எழுந்து தேய்ந்துபோகும் கருவி. அந்தப் பிறவிக் குணத்தையே அவர் காலால் மாற்றினார். 1970-களில் பெடல்களை இரட்டையாக வைத்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தும் அனுப்பினார்.

இதில் தாளம், ஸ்கேல், இலக்கணம் எதுவுமே இல்லையா?

கட்டிய தாளம் இல்லை. ஆனால் வேகம் உண்டு, நெருக்கம் உண்டு, இளைப்பாறல் உண்டு.

ஸ்கேல் விஷயத்தில் ஒரு பின்னணி. பெய்லி 1960-களில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் வேபர்னின் இசையில் ஆழ்ந்திருந்தார். வேபர்னின் உருப்படிகள் மிகச் சிறியவை. சுரங்கள் பெரிய தாவல்களில் நகரும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தனி நிறம். 1966-67-ல் பெய்லி அந்த வழியில் கிட்டாருக்குச் சில உருப்படிகளை எழுதியும் பார்த்தார். அவருடைய கடைசிக் காலத்தில்தான் அந்தப் பதிவுகள் வெளியாயின. அதைக் கேட்டால் 1971-ன் சுதந்திரத்துக்குப் பின்னால் எவ்வளவு பாடம் இருந்தது என்று விளங்கும். ஸ்தாயி, பஞ்சமம் போன்ற இனிய இடைவெளிகள் ஒரு ஆதார சுருதியை நினைவூட்டிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறார். சுரத்துக்கு மிக அருகில், ஆனால் ஒரு ஸ்தாயி தள்ளி இருக்கும் உரசலான இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்கிறார். ஆதார சுருதி உருவாகாதபடி பார்த்துக்கொள்வது ஆதார சுருதியோடு வாசிப்பதை விடக் கஷ்டம். கிட்டாரை எடுத்து ஒரு நிமிடம் முயன்று பாருங்கள். கை தானாகத் தெரிந்த கார்டுக்குப் போய் உட்காரும்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் இப்படி வாசிக்கலாம் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

மேலே சொன்னதைச் செய்யச் சொல்லுங்கள். அல்லது 2002-ல் வந்த அவருடைய 'பாலட்ஸ்' தட்டைக் கேட்கச் சொல்லுங்கள். பழைய அமெரிக்கப் பாடல்களை எடுத்து, மெட்டைத் தெளிவாக வாசித்து, அங்கிருந்து தன் மொழிக்குள் போய்த் திரும்புவார். தெரியாமல் உடைத்தவர் அல்லர் என்பது அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்கும்.

கர்னாடக சங்கீத ரசிகருக்கு இது நெருக்கமாக வருமா?

வரும், ஆனால் எதிர்பாராத வழியில். 1980-ல் பெய்லி மனோதர்ம வாசிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது தொடங்குவதே இந்திய இசையிலிருந்துதான். சிதார் கலைஞர் விராம் ஜசானியுடன் பேசி எழுதியது. ஹிந்துஸ்தானி வழியிலான உரையாடல்தான், ஆனாலும் குருவிடம் இருந்து கற்பது, ராகத்துக்குள் ஊறுவது, எழுதாமல் காதால் கடத்துவது என்று அதில் வரும் செய்திகள் நம் காதுக்கும் பழகியவை. அந்தப் புத்தகத்தை ஒட்டி 1992-ல் சேனல் 4-ல் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது.

அவர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார். ஒரு மரபின் இலக்கணத்துக்குள் நடக்கும் மனோதர்மம் ஒரு வகை: ராக ஆலாபனை, ஃபிளமெங்கோ, ஜாஸ் எல்லாம் அங்கே வரும். எந்த மரபின் இலக்கணத்தையும் சாராமல் வாசிப்பது இன்னொரு வகை. தான் செய்வது அது என்றார். இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முப்பது ஆண்டுகள் ஒருவர் தனக்கென்று ஒரு வழியில் வாசித்தால், கேட்பவருக்கு அதுவே ஓர் இலக்கணம் ஆகிவிடுகிறது. பத்து விநாடி கேட்டால் 'இது பெய்லி' என்று சொல்லிவிடலாம். இதை அவருடைய தோல்வியாக நான் நினைக்கவில்லை. மரபு இல்லாத இடத்தில் நின்று ஒருவர் தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கினார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆலாபனையில் பழகிய ரசிகருக்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. தாளம் இல்லாமல், கலைஞர் அடுத்த பிடியை யோசிக்கும் மௌனத்தோடு சேர்த்துக் கேட்கும் பொறுமை அவருக்கு ஏற்கெனவே உண்டு. மேற்கத்திய ராக் ரசிகர் அதைப் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் ஆதார சுருதி இல்லாமல் இருப்பது ஆலாபனை ரசிகருக்கு உறுத்தும். அது உறுத்தத்தான் வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் மற்றவர்கள் எழுதிய உருப்படிகள் ஏன்? முதல் பக்கத்தோடு பொருந்துமா?

என் மதிப்பில் இந்தத் தட்டின் உயிர்நாடியே இந்தச் சேர்க்கைதான். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

மூன்று உருப்படிகள். டச்சு பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பர்க் எழுதிய 'வேர் இஸ் த போலீஸ்?', டச்சு சாக்ஸஃபோன்காரர் வில்லெம் பிரோய்க்கர் எழுதிய 'கிறிஸ்டியானி எடி', கேவின் பிரையர்ஸ் எழுதிய 'த ஸ்குவிரல் அண்ட் த ரிக்கெட்டி-ராக்கெட்டி பிரிட்ஜ்'. மெங்கல்பர்க்கும் பிரோய்க்கரும் ஹான் பென்னிங்கோடு சேர்ந்து 1967-ல் நெதர்லாந்தில் ஐ.சி.பி. என்ற இதே மாதிரி லேபிளைத் தொடங்கியவர்கள். இசையில் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் இடம் வைத்தவர்கள்.

ஆனால் நின்று கேட்க வேண்டியது பிரையர்ஸின் உருப்படி. ஷெஃபீல்டில் பெய்லியோடு பாஸ் வாசித்தவர் இவர் என்று மேலே பார்த்தோம். 1966-ல் பிரையர்ஸ் சுதந்திர வாசிப்பையே கைவிட்டார். அதில் இசையையும் வாசிப்பவரையும் பிரிக்க முடியவில்லை. இசையை ஆளிடமிருந்து தள்ளி வைத்துப் பார்க்க எழுத்துதான் வழி என்பது அவருடைய நிலை. அதன் பிறகு இசையமைப்பாளராகிவிட்டார். அப்படிப் பிரிந்து போனவர்தான் பழைய நண்பருக்காக இந்த உருப்படியை எழுதிக் கொடுத்தார்.

என்ன எழுதினார் பாருங்கள். இரண்டு கிட்டார்கள், ஒரே ஆள். இரண்டையும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இடக்கை ஒரு கிட்டாரிலும் வலக்கை இன்னொன்றிலும் கம்பிகளை விரலால் தட்டியே வாசிக்க வேண்டும், மீட்டக் கூடாது. கம்பியை ஃபிரெட்டின் மேல் தட்டும்போது, தட்டிய இடத்துக்கு இரண்டு புறமும் உள்ள கம்பிப் பகுதிகள் அதிர்கின்றன. ஆகவே ஒரே தட்டில் இரு ஒலிகள். பெய்லி ஆண்டுக்கணக்காக வளர்த்த கை வழக்கம் ஒன்றுகூட இங்கே உதவாது. பிளெக்ட்ரம் இல்லை, ஹார்மோனிக் இல்லை, மீட்டல் இல்லை. வாசிப்பவரை இசையிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற தன் வாதத்தைப் பிரையர்ஸ் கட்டுரையாக எழுதாமல் நண்பரின் விரல்களுக்கே கொடுத்தார். நண்பரும் வாங்கி வாசித்தார், தன் தட்டிலேயே வெளியிட்டார். வாக்குவாதத்தை இவ்வளவு அன்போடு நடத்த முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

இரு கையாலும் தட்டி வாசிப்பது ராக் கிட்டாரில் பரவலானது 1978-ல் வான் ஹேலன் குழுவின் முதல் தட்டுக்குப் பிறகு. பிரையர்ஸின் நோக்கம் வேறு, வேகமும் வேறு என்றாலும் வருடத்தைக் கவனியுங்கள். இதே உருப்படியை அதே 1978-ல் வெளிவந்த 'மெஷின் மியூசிக்' தட்டில் பெய்லி, ஃபிரித், பிரையர்ஸ், பிரையன் ஈனோ ஆகிய நான்கு பேர் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் 1971 பதிவில் ஒற்றை ஆளின் கவனம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது புலப்படும்.

'2', '2ஆர்' என்று இரண்டு எண்கள் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றா?

இல்லை. பிற்பாடு மறுபதிப்பு செய்தபோது எண்ணை 'இன்கஸ் 2ஆர்' என்று மாற்றினார்கள். அதில் வரும் சுதந்திர வாசிப்புத் துண்டுகள் வேறு. எழுதப்பட்ட மூன்று உருப்படிகள் பொது. அச்சுத் தீர்ந்ததும் பழையதையே திரும்ப அச்சிடாமல் துண்டுகளை மாற்றியது பெய்லிக்கே உரிய செயல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்கும்போது விற்பவர் எதைச் சொல்கிறார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டை எண், நடு லேபிள் எண், தட்டின் உள்ளோரத்தில் இசை முடிந்த பின் வரும் வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருக்கும் எண் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று படம் கேளுங்கள். ஒரு பதிப்பின் அட்டைக்குள் இன்னொரு பதிப்பின் தட்டு நுழைந்திருப்பது பழைய தட்டுச் சந்தையில் புதிதல்ல.

மூலப் பதிப்புதான் வேண்டுமா? மறுபதிப்பு போதுமா?

போதும். இசைக்காகக் கேட்கிறவருக்கு மறுபதிப்பே மேல் என்றுகூடச் சொல்வேன்.

1990-களில் இன்கஸே இதை சி.டி.யாக வெளியிட்டது. அண்மை ஆண்டுகளில் லண்டனின் ஹானஸ்ட் ஜான்ஸ் நிறுவனம் இரண்டு தட்டுகளாக மறுபதிப்பு செய்தது. '2', '2ஆர்' இரண்டிலும் இருந்த எல்லாமே அதில் சேர்ந்திருக்கின்றன. 1972-ல் யார்க் பல்கலைக்கழகத்தில், எழுதிய இசை நிகழ்ச்சி ஒன்றின் முடிவில் பெய்லி தனியாக வாசித்ததும் கூடுதலாக இருக்கிறது. அதுவும் தீர்ந்துபோகக் கூடியதுதான்.

மறுபதிப்பை நான் ஆதரிப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மௌனம் நிறைந்த இசை இது. ராக் தட்டில் கீறல் சத்தம் டிரம்ஸில் மறைந்துவிடும். இங்கே ஒவ்வொரு 'டிக்'கும் தனியாகக் கேட்கும். மோசமான பிரதியில் அந்த 'டிக்' பெய்லி தட்டியதா, தூசி தட்டியதா என்று குழப்பமே வந்துவிடும். தேய்ந்த மூலப் பதிப்புக்குப் பெரிய தொகை கொடுத்தவர் பாதி இசையைத்தான் வாங்கியிருக்கிறார்.

பழைய பிரதியே வேண்டும் என்று இருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

விற்பவர்கள் தரத்தை 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்', 'வெரி குட்' என்று படியிறக்கிச் சொல்வார்கள். பெயரில் ஏமாற வேண்டாம்: 'வெரி குட்' என்றாலே இரைச்சல் கேட்கும் பிரதி என்றுதான் பொருள். கண்ணால் பார்த்துத் தரம் போட்டதா, ஓடவிட்டுக் கேட்டதா என்று கேளுங்கள். இந்தத் தட்டுக்கு ஓடவிட்டுக் கேட்ட பதில் மட்டுமே மதிப்புள்ளது. முதல் பக்கத்தில் மெல்லிய இடம் ஒன்றைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

வந்த பிறகு: நம் ஊர் வெயிலில் வினைல் வளையும். நிமிர்த்தி நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்கப் போட்டு ஒன்றன்மேல் ஒன்று குவிக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண், பூட்டிய கார் இரண்டும் ஆகாது. மழைக்காலத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும். உள்ளுறையை ஆன்டி-ஸ்டாட்டிக் பிளாஸ்டிக் உறையாக மாற்றி, பழைய காகித உறையை அட்டைக்குள் தனியாக வையுங்கள். கழுவ டிஸ்டில்டு வாட்டரும் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும், நடு லேபிள் நனையக் கூடாது. வீட்டில் தாத்தா காலத்து 78 ஆர்.பி.எம். ஷெல்லாக் தட்டுகள் இருந்தால் அவற்றில் மட்டும் ஆல்கஹால் பட்டுவிடக் கூடாது. ஷெல்லாக்கை அது கரைத்துவிடும்.

அந்தக் கணத்துக்கென்று வாசித்ததைத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்பது முரண்பாடு இல்லையா?

இந்தக் கேள்வி அந்தத் தட்டு வந்த காலத்திலேயே எழுந்தது. அதே 1971-ல் ஏ.எம்.எம். குழுவின் கார்னீலியஸ் கார்டியூ, இத்தகைய வாசிப்பின் ஒலிப்பதிவு ஏறக்குறைய வெற்று ஆவணம் என்ற பொருளில் எழுதினார். வடிவம் மட்டும் மிஞ்சும், அந்த இடமும் நேரமும் உணர்வும் பதியாது என்பது அவர் வாதம். பெய்லிக்கும் பதிவுகள் மீது பெரிய பக்தி இருந்ததில்லை. ஆனாலும் வாழ்நாள் முழுக்கப் பதிவு செய்து வெளியிட்டார். 1973-ல் சிறு துண்டுகளைக் குட்டி ரீல் டேப்புகளாகக்கூட இன்கஸ் மூலம் விற்றார். இந்தத் தட்டைவிட அரிய பொருள்கள் அவை.

கார்டியூ சொன்னது கச்சேரிக்குப் போக முடிந்தவருக்குப் பொருந்தும். லண்டனில் ஒரு பப்பின் மாடியில் இருபது பேரோடு உட்கார்ந்து கேட்டவருக்கு இந்தத் தட்டு மங்கலான நிழலாக இருக்கலாம். அந்த அறைக்கு வெளியே, வேறு நாட்டில், வேறு காலத்தில் இருக்கும் நமக்கு இது தவிர வேறு வழி கிடையாது. மேலும், திரும்பக் கேட்கும்போது இசை மாறவில்லை, கேட்பவரின் காது மாறுகிறது. ஆச்சரியம் போன பிறகு ஒலியின் அமைப்பு மேலே வருகிறது. எழுதாத இசைக்கும் அமைப்பு உண்டு என்று ஒலிப்பதிவு இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

மொபைலில் கேட்டால் கணக்கில் சேருமா?

சேரும். ஹெட்ஃபோன் போடுங்கள், மொபைலின் சிறு ஸ்பீக்கரில் மெல்லிய ஹார்மோனிக்ஸ் தப்பித்தாலும் கீழ்க் கம்பிகளின் உடல் போய்விடும். துண்டுகளின் வரிசையைக் கலைக்கும் 'ஷஃபிள்' வசதியை அணைத்துவிடுங்கள். ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள தூரம் இந்த இசையில் பாதி.

இதற்குப் பிறகு எதைக் கேட்கலாம்?

பெய்லியிடமே தொடர்வதானால் 1980-ல் பாரிஸிலும் லண்டனிலும் மேடையில் பதிவான 'ஐடா'. மின்சாரம் இல்லாத வெறும் கிட்டார், நீளமான துண்டுகள். ஜப்பானிய விமர்சகர் அகிரா ஐடாவின் நினைவுக்குச் சமர்ப்பணம். 1971-ன் பதற்றம் அதில் தணிந்து, ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே காற்றோட்டம் கூடியிருக்கும். புதிதாக வருகிறவருக்கு 'சோலோ கிட்டா'ரைவிட இதுவே எளிய வாசல் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான்.

கடைசிக் காலத்தில் அவர் பார்சிலோனாவில் குடியேறினார். வலக்கையில் பிளெக்ட்ரம் பிடிக்க முடியாமல் போனது. 'கார்ப்பல் டனல்' என்ற மணிக்கட்டு நரம்பு நோய் என்று முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோயின் தொடக்கம். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் வாசிக்கக் கற்றுக்கொண்டார், அந்தக் கற்றலை வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பதிவு செய்து 2005-ல் 'கார்ப்பல் டனல்' என்ற தட்டாக வெளியிட்டார். அதை 'சோலோ கிட்டா'ருக்கு அடுத்த நாளே கேட்க வேண்டாம். 1971-ன் விரல்களை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, சில மாதம் கழித்துக் கேளுங்கள்.